இலையைத் திருப்பிப் பாருங்கள், பிறகு கடைக்குப் போகலாம்

சென்ற ஆடி மாதத்தில் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். ஒரு கையில் சுருண்டுபோன மிளகாய்க் கொழுந்து, இன்னொரு கையில் துணிப்பை. பைக்குள் ஐந்து மருந்துப் புட்டிகள். மொட்டை மாடியில் அவர் வைத்திருப்பது எட்டே எட்டு மிளகாய்ச் செடிகள். "ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துவிட்டேன் சார், சுருட்டை மட்டும் போகவில்லை" என்றார். புட்டிகளுக்குக் கொடுத்த பணத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கான மிளகாய் வாங்கியிருக்கலாம்.

கொழுந்தைத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டினேன். சிலந்திப்பேன். பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு. பூச்சிக்கு என்று விற்கும் மருந்துகளில் பலவும் இதை ஒன்றும் செய்வதில்லை. இதைப் பிடித்துத் தின்கிற சின்னஞ்சிறு உயிர்களைத்தான் அவை கொல்கின்றன. எனவே அடிக்க அடிக்கச் சுருட்டை கூடும். அந்த அம்மாவுக்கு நடந்ததும் அதுதான்.

தோட்டக்கலை ஆலோசனைதான் என் தொழில். வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இலையைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள், அல்லது கைபேசியில் படம் அனுப்புவார்கள். படம் எப்போதும் இலையின் மேற்புறத்தைத்தான் காட்டும். நோய் இருப்பது பெரும்பாலும் அடியில். மிளகாய் இலை படகுபோல மேல்நோக்கி வளைந்தால் இலைப்பேன். கவிழ்த்த படகுபோலக் கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். செடியே குறுகி, இலைகள் சிறுத்து மஞ்சளாகக் கொத்துக்கொத்தாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி. அதற்கு மருந்தே கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். இந்த மூன்றையும் பிரித்தறியக் காசு வேண்டாம், ஒரு நிமிடம் போதும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலக்கி அடிக்கும் கந்தகப் பொடி, பயன்படும். ஆனால் வேப்ப எண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரமாவது கழித்துத்தான் கந்தகம் அடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

வேப்ப எண்ணெய் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. "வேப்ப எண்ணெய் அடித்தேன், செடி கருகிவிட்டது" என்று வருகிறவர்களிடம் சோப்பு கலந்தீர்களா என்று கேட்டால் விழிப்பார்கள். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். தெளிப்பானில் முதலில் வருவது வெறும் தண்ணீர், கடைசியில் வருவது வெறும் எண்ணெய். 5 மில்லி எண்ணெயில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலை விட்டுப் பால்போல வெளுக்கும்வரை கலக்கிவிட்டு, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனைய அடிக்க வேண்டும். வேப்பங்கொட்டை கிடைக்கிற ஊராக இருந்தால் எண்ணெய்கூட வேண்டாம். பருப்பை 50 கிராம் இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறப்போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டினால் போதும்.

செம்பருத்தியில் பஞ்சு ஒட்டினாற்போல வரும் மாவுப்பூச்சிக்கு இதைவிட மலிவான வைத்தியம் உண்டு. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள்; மோசமான நுனியை வெட்டி எறியுங்கள்; எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் தேனுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டபோது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் அது விடவில்லை. என்னென்னவோ அடித்துப் பார்த்தார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட கடுகளவுகூட இல்லாத ஒரு குளவிதான் அதை அடக்கியது. மருந்து அடித்துக்கொண்டே இருந்த தோட்டங்களில் அந்தக் குளவியாலும் நிலைக்க முடியவில்லை.

கொல்லையில் தென்னை இருப்பவர்கள் சில ஆண்டுகளாகக் கேட்கும் கேள்வி, கீழே உள்ள கொய்யாவும் கறிவேப்பிலையும் ஏன் கரி பூசினாற்போல ஆகின்றன என்பது. அண்ணாந்து பாருங்கள். தென்னை ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள்கள் தெரிந்தால் அது சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் காணப்பட்டுப் பிறகு எங்கும் பரவிய பூச்சி. அதன் தேன்துளி கீழே சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. மைதாவைக் காய்ச்சி லிட்டருக்கு 25 கிராம் என்ற அளவில் கஞ்சியாக அடித்தால், காய்ந்து பொருக்காக உதிரும்போது கரியும் சேர்ந்து உதிரும். மஞ்சள் நிறப் பழைய பிளாஸ்டிக் தகட்டில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். மரத்துக்குப் பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். இங்கும் ஒரு குளவி வேலை செய்துகொண்டிருக்கிறது.

இனிச் செலவுக் கணக்கு. வளர்ப்புப் பைகள் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் காலி பெயின்ட் வாளி கிடைக்கும். நன்றாகக் கழுவி, அடியில் நான்கு துளை இட்டு, இரண்டு செங்கல்மேல் வைத்தால் தக்காளிக்கும் கத்தரிக்கும் தாராளம். கீரைக்கு அரை அடி ஆழம் போதும். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியே மிச்சம். வெந்தயம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. கொத்தமல்லி விதையை உருட்டி இரண்டாக உடைத்து ஊறவைத்து விதைக்க வேண்டும். முழு விதையைத் தூவிவிட்டு முளைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் ஏராளம். புதினா, பொன்னாங்கண்ணி இரண்டையும் சந்தையில் வாங்கி இலையை ஆய்ந்த பிறகு, தூக்கி எறியும் தண்டை ஊன்றினாலே வந்துவிடும்.

தென்னை நார்க்கழிவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டியை ஊறவைத்து அப்படியே மண்ணில் கலக்கிறார்கள். அதில் உப்பு இருக்கும். மக்காததாக இருந்தால் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாகும். உடனே யூரியா போடுவார்கள். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசி, மண், மக்கிய உரம் இரண்டோடும் சம பங்காகக் கலந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எனக்குக் கோபம் வருகிற ஒன்று உண்டு: வாசலில் கூட்டிய சருகைக் கொளுத்திவிட்டு, அதே வாரம் மண்புழு உரம் விலைக்கு வாங்குவது. சருகு பொன். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு போட்டால் உரத்தொட்டி நாறாது. நாறினால் ஈரம் அதிகம் என்று பொருள், இன்னும் சருகு போடுங்கள். பழுப்பு நிறத்தில் தட்டையாக நெளியும் புழுக்களைக் கண்டு தொட்டியையே கவிழ்த்துவிடாதீர்கள். அவை கழிவைத் தின்று உரமாக்குகிறவை, செடியைத் தொடுவதில்லை.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிவிழுவதை நோய் என்று நினைக்கிறார்கள். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததன் அடையாளம் அது, பெரும்பாலும் தண்ணீர் தாறுமாறாக ஊற்றுவதால் வருவது. சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விட்டுத் திங்களன்று இரண்டு குடம் கொட்டுகிற வீடுகளில் இதை நிறையப் பார்க்கிறேன். சுண்ணாம்புச் சத்துக்கு என்று சிலர் போடும் முட்டை ஓடு கரையப் பல மாதம் ஆகும். அந்தப் பருவத்துக்கு உதவாது. தூரில் சருகு மூடாக்குப் போட்டு, மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வாளிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், டெங்குக் கொசுவுக்கு அது போதும்.

பிடுங்கிய செடியின் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணைச் சித்திரை வெயிலில் தார்ப்பாயில் பரப்பிக் காயவிட்டு, அடுத்த பருவம் செண்டுமல்லி வையுங்கள். நத்தைக்கு உப்பு போடாதீர்கள், மண் கெடும். இரவில் முட்டைக்கோசு இலையைப் போட்டுவைத்தால் வந்து சேரும், கையுறையோடு பொறுக்கலாம்.

அந்த அம்மா கிளம்பும்போது, மிச்சமிருக்கிற ஐந்து புட்டிகளையும் என்ன செய்வது என்று கேட்டார். சாக்கடையிலோ செடி மூட்டிலோ ஊற்ற வேண்டாம், பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். போனவர் வாசலிலிருந்து திரும்பி வந்து, அந்த உருப்பெருக்கிக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள புத்தகக் கடையில் கேளுங்கள் என்றேன்.