கொலுசுப் பட்டறைக்கு ஒரு குட்டி மதர்போர்டு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அக்கா வீட்டு முன்கட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பட்டறைக் கணக்குக்கும் பையன் படிப்புக்குமாக ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் போன மாதம் நின்றுவிட்டது. மூடியைக் கழற்றினால் பிராசசர் ஃபேனைச் சுற்றிக் கம்பளி போலக் கருந்தூசி. பாலிஷ் போடும் இடத்துத் தூசியில் உலோகத்தூளும் கலந்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். ஃபேன் அதை உள்ளே இழுத்துப் போர்டு மேல் தூவிக்கொண்டே இருந்திருக்கிறது. எனவே இந்த முறை ஃபேனே இல்லாத மதர்போர்டுதான், அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகைதான், என்று முடிவு செய்தேன்.

"ஃபேன் இல்லாம சூடாகாதா மாமா?" என்றான் அக்கா மகன். கேட்க வேண்டிய கேள்விதான்.

பிராசசர் சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும், அதாவது நுண்ணிய சுவிட்சும், ஒரு குட்டிக் குடம். ஒரு நொடியில் கோடிக்கணக்கான முறை மின்னூட்டம் நிரம்பும், காலியாகும். குடத்தின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரும் இரண்டு மடங்கு வேண்டும், அதை ஏற்ற வேண்டிய உயரமும் இரண்டு மடங்கு. ஆக உழைப்பு நான்கு மடங்கு. வோல்டேஜும் அப்படித்தான்: மின்செலவு அதன் வர்க்கத்தோடு ஏறும். எத்தனை முறை நிரம்பிக் காலியாகிறது என்ற வேகத்தோடும் ஏறும். 1.2 வோல்ட்டில் ஓடும் சிப்பை 0.8 வோல்ட்டுக்கு இறக்கி, வேகத்தையும் பாதியாக்கினால், செலவு பாதியாகாது. கால்வாசிக்கும் கீழே போய்விடும். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சூட்டில் நிறைய மிச்சம். சிக்கன சிப்களின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

போர்டு சிறிதாவதும் இதனால்தான். சாதாரண டெஸ்க்டாப் பிராசசர் 65 வாட் என்றால், ஏறக்குறைய 1 வோல்ட்டில் அதற்கு 65 ஆம்பியர் ஊட்ட வேண்டும். சமையலறையில் அலறும் 750 வாட் மிக்ஸி இழுப்பது 3 ஆம்பியர் சொச்சம்தான்! 12 வோல்ட்டை 1 வோல்ட்டாக இறக்கி அவ்வளவு மின்னோட்டம் கொடுக்க, பிராசசரைச் சுற்றி மின்சாரத்தைச் சீராக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் வரிசைகட்டி நிற்க வேண்டும். அவையும் சுடும். 6 வாட் சிப்புக்கு 6 ஆம்பியர் போதும். காயில் ஒன்றிரண்டோடு வேலை முடிந்துவிடும். 2001-ல் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் அளவு, 17 செ.மீ.க்கு 17 செ.மீ. அந்தச் சதுரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

ஆனால் பிராசசரின் வாட்டை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். 2008-ல் இன்டெல் வெளியிட்ட, 'ஆட்டம்' (Atom) என்ற சிக்கன சிப் கொண்ட போர்டு ஒன்றில் பிராசசர் 4 வாட்தான். பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும், பக்கத்தில் இருந்த சிப்செட்டோ 22 வாட். ஃபேன் பிராசசர் மேல் இல்லை, சிப்செட் மேல்! வேலைக்காரனைவிட மேஸ்திரி அதிகம் சாப்பிட்ட கதை. 2023-ல் வந்த இன்டெலின் என்100 (N100) போன்ற சிப்களில் சிப்செட் வேலையும் ஒரே உறைக்குள் வந்துவிட்டது. அதற்குப் போட்ட 6 வாட் கணக்கும் நீண்ட நேர ஓட்டத்துக்கானது. முழு வேகத்தில் பாயும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும்.

அடுத்த ஓட்டை எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை வைத்து 15 வாட் போர்டை ஓட்டுவது, நான்கு பேர் போக லாரி எடுப்பது மாதிரி. அவ்வளவு குறைந்த சுமையில் அதன் திறன் சரிந்துவிடும். லேப்டாப் அடாப்டர் போல 19 வோல்ட்டை நேராக வாங்கிக்கொள்ளும் போர்டுகள் இருக்கின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் என் ஓட்டு அதற்கே. தினமும் 8 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 60 வாட் கம்ப்யூட்டர் 29 யூனிட் தின்னும். 15 வாட் என்றால் 7 யூனிட் சொச்சம்.

சரி, சூடு எங்கே போகும்? சிப் மேல் உட்காரும் உலோகத் தகடுக் கட்டான ஹீட் சிங்க் வழியாகக் காற்றுக்கு. 'வாட்டுக்கு 3 டிகிரி' என்ற தரமுள்ள ஹீட் சிங்க்கில் 10 வாட் ஓடினால், அறை வெப்பத்துக்கு மேல் 30 டிகிரி ஏறும். மே மாதத்தில் அக்கா வீட்டு அறை 38 டிகிரி என்றால் சிப் 68. தாங்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும், உள்ளே திரவம் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்; திடப்பொருள் கெப்பாசிட்டர் உள்ள போர்டா என்று பார்ப்பது அதனால்தான். இதே பெட்டி ஏற்காட்டில், 24 டிகிரி அறையில் இருந்தால் 54-க்கு இறங்க வேண்டும். அப்படியே இறங்காது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. சூட்டை அள்ளிப்போக ஆள் குறைவதால் இரண்டு மூன்று டிகிரி கூடும். அப்படியும் சேர்வராயன் மலைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளி. "அப்ப நம்ம வெள்ளியிலயே ஹீட் சிங்க் செய்யலாமுல்ல மாமா?" என்றான் பையன். செய்யலாம், பயன் சொற்பம். இங்கே தடையாக நிற்பது காற்று, உலோகம் அல்ல. அலுமினியமே போதும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சிப் போர்டோடு பற்றவைத்து வரும். பின்னால் மாற்ற முடியாது, போர்டு போனால் எல்லாம் போச்சு. ரேம் இடமும் பெரும்பாலும் ஒன்றே. எனவே முதலிலேயே 16 ஜிபி போட்டுவிட்டேன். மிச்சப் பணம் ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு. பெரிய கேம் ஓடாது; பையனிடம் அதை முன்பே சொன்னேன், முகம் வாடியது.

பெட்டியைப் பட்டறையில் வைக்காமல், அமிலப் புகை எட்டாத பின்கட்டு அறைச் சுவரில் மாட்டினோம். ஹீட் சிங்க்கின் தகடுகள் மேல்கீழாக நிற்கும்படி. சூடான காற்று இடையே ஏறிப் போக, கீழிருந்து புதுக்காற்று தானே உள்ளே வரும்.