குக்குல்லாட்டா: முக்காடிட்ட வயலட்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஈரப் புல்வெளி, சதுப்பு, ஊற்றுக்கரை என்று கால் நனைகிற இடமாகப் பார்த்து வளரும் காட்டு வயலட் ஒன்று உண்டு. தாவரவியலில் அதன் பெயர் வயோலா குக்குல்லாட்டா. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்கு 1936 முதல் இதுதான் மாகாண மலர்.

வயோலா என்பது இந்தப் பூ வகைக்கு லத்தீனில் இருந்த பழைய பெயர். அது பழைய பிரெஞ்சுக்குப் போய், சிறியது என்று காட்டும் விகுதியைச் சேர்த்துக்கொண்டு 'வயலட்' ஆயிற்று. பூவின் பெயர்தான் பிறகு நிறத்துக்கும் வந்தது. அதனால் 'ஊதாப்பூ' என்று மொழிபெயர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மஞ்சள் வயலட்டும் வெள்ளை வயலட்டும் இருக்கின்றனவே!

குக்குல்லுஸ் என்றால் லத்தீனில் தலையை மூடும் முக்காடு; குக்குல்லாட்டா என்றால் முக்காடிட்டது. நம் 'குல்லாய்' இதற்கு உறவு போலத் தோன்றும். ஆனால் அது பாரசீகத்தின் 'குலாஹ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 1789இல் தாவரவியலாளர் வில்லியம் எய்ட்டன் இந்த இனத்துக்குப் பெயரிட்டார். இளம் இலையின் அடிப்பக்க ஓரங்கள் இரண்டும் உள்நோக்கிச் சுருண்டு நிற்கும். முக்காடு அதுதான்.

சரி, முக்காட்டைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாமா? முடியாது. மண்ணிலிருந்தே இலையும் பூவும் கிளம்பும் வேறு பல வயலட்டுகளின் இளம் இலையும் இப்படித்தான் சுருளும். பூக்காம்பைப் பாருங்கள்: குக்குல்லாட்டாவில் பூக்கள் இலைகளுக்கு நன்றாக மேலே எழுந்து நிற்கும். அதே நிலப்பரப்பில் சாதாரணமாகக் காணப்படும் வயோலா சொரோரியாவில் பூக்கள் பெரும்பாலும் இலை மட்டத்திலேயே இருக்கும். அப்புறம் லென்ஸ் வேண்டும். பக்கவாட்டு இதழ்கள் இரண்டின் அடியிலும் மயிர்க்கற்றை இருக்கும்; குக்குல்லாட்டாவில் அந்த மயிர்கள் குட்டையானவை, நுனி தடித்துக் குண்டாக இருக்கும். சொரோரியாவில் நீளமானவை, நுனி தடிக்காது. பூவின் தொண்டையைச் சுற்றி நீலம் அடர்ந்திருப்பதும் குக்குல்லாட்டாவுக்கு ஒரு துணை அடையாளம். இந்த வயலட்டுகள் தங்களுக்குள் எளிதாகக் கலப்பினமாகிவிடும் என்பதால், ஒரே அடையாளத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள்.

தமிழில் என்ன சொல்வது? 'சதுப்பு வயலட்' என்றால் குழப்பம் வரும். லத்தீனில் 'சதுப்புக்குரிய' என்று பொருள்படும் வயோலா பலுஸ்ட்ரிஸ் என்ற வேறோர் இனம் இருக்கிறது. சிறுநீரக வடிவ இலையும், கருவரி ஓடிய வெளிர் ஊதாப் பூவும் கொண்டது. அந்தப் பெயர் அதற்கே பொருந்தும். குக்குல்லாட்டாவை ஆங்கில வழக்கையொட்டி 'சதுப்பு நீல வயலட்' என்று சொல்லலாம். அறிவியல் பெயரின் பொருளும் வேண்டுமென்றால் 'முக்காட்டு வயலட்' என்பேன். 'வயலட்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம். இதே குடும்பத்தில் தமிழ்ப் பெயர் கொண்ட ஓரிதழ்த்தாமரை இருந்தாலும், அது வேறு பேரினம். அந்தப் பெயரை இதற்கு ஒட்டவைக்க முடியாது.