எந்த மடை எந்த வயலுக்கு?

அக்கா மகனின் பழைய விண்டோஸ் டேப்லெட் ஒன்று திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை வீட்டுப் பரணில் கிடந்தது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பாட்டுக் கேட்கவாவது ஆகும் என்று பென்டிரைவைத் தயார் செய்து அதை டேப்லெட்டோடு இணைக்கும் ஓடிஜி கேபிளில் செருகினேன். டேப்லெட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதே பென்டிரைவ் மேசைக் கணினியில் ஒரே தட்டில் கிளம்பியது.

கோளாறு பென்டிரைவில் இல்லை. 2013, 2014 வாக்கில் வந்த, இன்டெலின் ஆட்டம் சிப் உள்ள டேப்லெட்டுகள் பலவற்றில் மூளை 64 பிட். ஆனால் அதை எழுப்பிவிடும் யுஇஎஃப்ஐ மென்பொருள் 32 பிட். அது 32 பிட் துவக்கக் கோப்பைத்தான் தேடும். என் பென்டிரைவில் 64 பிட் கோப்பு மட்டுமே இருந்தது. இந்தக் கலப்பு ஜோடியைச் சமாளிக்கும் வசதி, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், 2014இல் வந்த 3.15 பதிப்பில் சேர்ந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், இரண்டு கோப்பும் உள்ள வட்டுப் பிம்பத்தை (நிறுவுவதற்கான முழு நகலை) பென்டிரைவில் போட்டேன், கிளம்பிவிட்டது. படம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்ததும், தொடுதிரை மரத்துப்போயிருந்ததும் வேறு கதை. தொடுதிரைச் சிப்புக்கென்று தனி ஃபர்ம்வேர், அதாவது அந்தச் சிப்புக்குள் ஓடும் சிறு மென்பொருள், ஏற்ற வேண்டியிருந்தது.

சரி, ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால்? வேடிக்கை என்னவென்றால், அதற்குள் ஏற்கெனவே லினக்ஸ் கர்னல்தான் ஓடுகிறது. ஆனாலும் அதில்தான் பாடு அதிகம்.

மேசைக் கணினியில் யுஎஸ்பி, பிசிஐ வழியாக இணைந்த பாகங்கள், கேட்டால் தங்கள் அடையாள எண்ணைச் சொல்லிவிடும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பெரும்பாலும் ஏஆர்எம் என்ற வகைச் சிப்பில் ஓடுபவை. அவற்றில் தொடுதிரை, பேட்டரி அளவி போன்றவை மெல்லிய ஐ2சி கம்பிகளில் வாய் திறக்காமல் தொங்கும். பாளையங்கால்வாயில் தண்ணீர் பாய்ச்ச வெளியூர் ஆள் ஒருவர் வந்தால் எப்படி இருக்கும்? எந்த மடை எந்த வயலுக்கு என்று மடையில் எழுதியிருக்காது. ஊர்க்காரர் சொன்னால்தான் உண்டு. அந்த ஊர்க்காரர் சொல்வதை எழுதிவைத்த தாள்தான் ‘டிவைஸ் ட்ரீ’. எந்த முகவரியில் எந்தச் சிப், அதற்கு எந்தக் கம்பியில் மின்சாரம் என்று கர்னலுக்கு முன்கூட்டியே சொல்லும் கோப்பு. முன்பெல்லாம் இந்த விவரத்தை ஒவ்வொரு போர்டுக்கும் கர்னல் நிரலுக்குள்ளேயே எழுதிக் குவித்தார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011இல் அதைக் கண்டு சத்தம் போட்ட பிறகுதான் ஏஆர்எம் உலகம் இந்தத் தாளுக்கு மாறத் தொடங்கியது.

அதனால்தான் ஒரு மாடலுக்குச் செய்த லினக்ஸ் பக்கத்து மாடலில் ஓடுவதில்லை. பழைய ஃபோன், டேப்லெட்டுகளில் லினக்ஸ் ஏற்ற 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டத்தில் தன்னார்வலர்கள் கருவி கருவியாகத் தனித்தனியே வேலை பார்ப்பதும் இதனால்தான்.

தாள் கிடைத்தாலும் மடை ஷட்டரில் பூட்டு இருக்கும். கருவியை எழுப்பிவிடும் மென்பொருளான பூட்லோடர், தயாரித்தவரின் கையொப்பம் இல்லாத கர்னலை உள்ளே விடாது. சில கருவிகளில் பூட்டைத் திறக்க அவர்களே வழி தருவார்கள். திறக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், படங்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழி தராத கருவியோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கட்சி.

எங்கள் டேப்லெட் இப்போது அடுக்களை அலமாரியில் இருக்கிறது. அக்கா அதில் பாட்டுக் கேட்கிறாள். கேமரா மட்டும் இன்னும் கண் திறக்கவில்லை.