லினக்ஸ் புரோகிராம் ஃப்ரீபிஎஸ்டில ஏன் ஓட மாட்டேங்குது?

மன்னார்குடி பக்கம் பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு: "அண்ணே, லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக் எல்லாம் யூனிக்ஸ் குடும்பம்ங்கிறாங்க, ப்ராசஸரும் ஒண்ணுதான், அப்புறம் ஏன் ஒண்ணுல கம்பைல் பண்ணது இன்னொண்ணுல ஓட மாட்டேங்குது?" அருமையான கேள்வி. கம்பைல்னா நாம எழுதின புரோகிராம மெஷினுக்குப் புரியிற வடிவத்துக்கு மாத்துறது.

குடும்பக் கதைய வேகமா சொல்லிடுறேன். 1969ல பெல் லேப்ஸ்ல கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆரம்பிச்சது யூனிக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம். அத வாங்கி பெர்க்லி யுனிவர்சிட்டில வளர்த்தது பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி அந்த வழில வந்தது, மேக்லயும் பிஎஸ்டியோட புரோகிராம் கோட் கலந்திருக்கு. லினக்ஸ் அப்படி இல்ல, 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்ஸ் மாதிரியே நடந்துக்கிற கெர்னல் ஒண்ண, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதிய, புதுசா எழுதினாரு.

இப்ப விஷயத்துக்கு வருவோம். எந்தப் புரோகிராமும் தானா ஸ்கிரீன்ல ஒரு எழுத்தக்கூட காட்ட முடியாது, கெர்னல்கிட்டதான் கேக்கணும், அதுக்குப் பேரு சிஸ்டம் கால். கேக்குறது பேர் சொல்லி இல்ல, நம்பர் சொல்லி. 64 பிட் இன்டெல் மெஷின்ல ஆர்ஏஎக்ஸ்ங்கிற ரெஜிஸ்டர்ல (ப்ராசஸருக்குள்ள இருக்கிற சின்ன சேமிப்பு இடம்) நம்பரப் போட்டுட்டு சிஸ்கால்னு ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன், உடனே கெர்னல் முழிச்சுக்கும். லினக்ஸ்ல 1னா ரைட், அதாவது எழுது. ஃப்ரீபிஎஸ்டில ரைட்டோட நம்பர் 4, அங்க 1னா எக்ஸிட்! லினக்ஸ் புரோகிராம் "இத எழுது"ன்னு கேக்கும், ஃப்ரீபிஎஸ்டி கெர்னல் காதுல "நான் செத்துப்போறேன்"னு விழும். கும்பகோணத்துல ஓடுற டவுன் பஸ் நம்பர நம்பி தஞ்சாவூர்ல அதே நம்பர்ல ஏறினா எங்க போய் இறங்குவோம், அந்தக் கதைதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, அந்த 4 பழைய யூனிக்ஸ்லேர்ந்தே வர்ற நம்பர். 32 பிட் லினக்ஸ்லகூட ரைட் 4தான், 64 பிட்டுக்குப் போறப்பதான் லினக்ஸ்காரங்க வரிசைய மாத்திட்டாங்க.

இதுக்கு ஃப்ரீபிஎஸ்டி கண்டுபிடிச்ச வழி இன்னும் அழகு. லினக்ஸ் மாட்யூல, அதாவது கெர்னலோட சேத்துக்கிற துணைப் பகுதிய, லோட் பண்ணிட்டா, ஃபைலோட தலைப்பகுதியப் பார்த்து இது லினக்ஸ் புரோகிராம்னு தெரிஞ்சுக்கிட்டு, அந்த ப்ராசஸுக்கு மட்டும் லினக்ஸ் நம்பர் டேபிள மாட்டி விட்டுடும், அப்புறம் 1னு கேட்டா சரியா எழுதும். இன்னொரு மெஷின் மாதிரி நடிக்கிற எமுலேட்டர் எதுவும் கிடையாது, டேபிள்தான் வேற.

இவ்வளவு வேலைக்கும் பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா, பெர்க்லிக்கு அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் தார்ப்பா பணம் கொடுத்துச்சு, 1983ல வந்த 4.2 பிஎஸ்டியோட டிசிபி/ஐபி (கம்ப்யூட்டருங்க நெட்வொர்க்ல பேசிக்கிற விதிமுறை) பல யுனிவர்சிட்டிக்குப் போய்ச் சேந்துச்சு. நம்ம மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் சி-டாக்கும் டெபியன்ங்கிற லினக்ஸ் வகைய வச்சு பாஸ் லினக்ஸ் பண்ணாங்க, தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப்லயும் அது வந்துச்சு. இந்த மாதிரி வேலைக்கு வருஷக்கணக்கா விடாம பணம் கொடுக்கணும்ங்கிறது என் கருத்து.

தம்பி, உங்க லேப்ல லினக்ஸ் இருந்தா டெர்மினல்ல எஸ்ட்ரேஸ்னு போட்டு, இடம் விட்டு எல்எஸ்னு (strace ls) அடிங்க. ஃபைல் லிஸ்ட் வர்றதுக்குள்ள அது கெர்னல்கிட்ட எத்தனை தடவ கேக்குதுன்னு வரிவரியா ஓடும்.