மலையக உருளைக்கிழங்குச் செய்கையும் அரச பயிர்க் காப்புறுதியும்

1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை, நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம் ஆகிய ஆறு பயிர்களுக்கு அரச காப்புறுதியை நடைமுறைப்படுத்தியது. இவற்றுள் நுவரெலியா, வெலிமடை மேட்டுநிலச் செய்கையாளருக்கு முதன்மையாகப் பொருந்துவது உருளைக்கிழங்கே. கரட், லீக்ஸ், கோவா செய்பவர்கள் கட்டுப்பணம் செலுத்திப் பெறும் காப்புறுதி பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும்.

இரவு வெப்பநிலை 15 முதல் 20 பாகை வரை இருக்கும்போதே கிழங்கு நன்றாகப் பிடிக்கும். வரட்சியில் கிழங்கு சிறுத்துப்போகும். சனவரி, பெப்ரவரி மாதங்களில் விழும் உறைபனியால் ஒரே இரவில் இலைகள் கருகிவிடும். விடாத மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இலை ஓரத்தில் நீர் ஊறியது போன்ற புள்ளிகள் தோன்றி, அதிகாலையில் அடிப்புறம் வெண்பூஞ்சணம் படர்ந்திருக்கும். அது பிந்திய வெளிறல் நோய். விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதோடு எந்தக் காரணத்தால் குறைந்தது என்பதையும் வைத்தே இழப்பீடு தீர்மானிக்கப்படுவதால், இந்த வேறுபாடு முக்கியமானது. வரட்சியும் வெள்ளமும் திட்டத்தில் நேரடியாகக் குறிப்பிடப்பட்டவை. உறைபனிக்கும் நோய்க்கும் காப்பீடு உண்டா என்பதை நடுவதற்கு முன்னரே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பாத்திகளில் நீர் தேங்கி நிற்கும்போதே திகதியுடன் படம் எடுத்து வையுங்கள்; நோய் பரவிய பின்னர் மழையே மூலகாரணம் என்று நிறுவுவது கடினம்.

2018இல் ஏக்கருக்கு இழப்பீட்டின் உச்சத்தொகையாக 40,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. இது விதைக்கிழங்கு வாங்கும் செலவுக்கே போதாது என்பதால், தற்போதைய தொகையைக் கேட்டறிந்த பின்னரே கடன் வாங்குவதைப் பற்றி முடிவெடுப்பது நல்லது.

பலர் தடுமாறுவது பதிவில்தான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல சேவை நிலையத்தில் பேணப்படும் விவசாயக் காணிப் பதிவேட்டில் உரிமையாளரின் பெயரோடு பயிரிடுபவரின் பெயரும் இடம்பெற வேண்டும். லயத்தை அண்டிய தோட்டக் காணியில் உறுதிப்பத்திரம் இல்லாமல் பயிரிடும் நம்மவர்கள், தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூலச் சம்மதத்துடன் போகம் தொடங்குமுன் அந்த நிலையத்துக்குச் சென்று, தமது பெயரைப் பதிய வழியுண்டா என்று கேட்க வேண்டும். பயிர் அழிந்த பிறகு பதிவைத் தேடி அலைவதில் பயனில்லை.

சேதம் நேர்ந்தால் உடனே கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்து, முறைப்பாட்டின் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலர் வந்து பார்வையிடும்வரை காணியைக் கொத்தாமல் விடுங்கள். எஞ்சிய கிழங்கை அவசரமாகக் கிண்ட வேண்டியிருந்தால், ஒரு பகுதியையாவது தொடாமல் வையுங்கள். வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் விண்ணப்பிக்கும் அன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.