கேன்சல்: அடிப்பதா, அழிப்பதா?

போன மாதம் வங்கியில் அம்மாவிடம் 'கேன்சல்டு செக்' ஒன்று கேட்டார்கள். அம்மா ஒரு தாளை எடுத்துக் கிழிக்கவே போய்விட்டார். தடுத்து நிறுத்தி, மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்து, நடுவில் 'கேன்சல்டு' என்று எழுதிக் கொடுத்தேன். கணக்கு எண்ணும் கிளையின் ஐஎஃப்எஸ்சி எண்ணும் அப்படியே தெரிந்தன. செக் செல்லாது, ஆனால் படிக்கலாம். கேன்சல் என்ற சொல்லின் பிறப்பும் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

லத்தீனில் 'கான்செல்லி' என்றால் கிராதி, கம்பித் தடுப்பு. ஒரு பத்திரம் இனி செல்லாது என்றால் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவார்கள்; பார்க்கக் கிராதி மாதிரியே இருக்கும். அதனால் அந்த வினைக்கு 'கான்செல்லாரே' என்று பெயர். பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. ரோமானிய நீதிமன்றத்தில் கிராதியருகே இருந்த பணியாளர் 'கான்செல்லாரியுஸ்'. சான்சலர் என்ற பதவிப் பெயர் அவரிடமிருந்து வந்ததுதான். பல்கலைக்கழக வேந்தருக்கும் கேன்சலுக்கும் வேர் ஒன்று என்பது எனக்கு இன்னும் வியப்பு.

இதற்கு நேரான தமிழ் நம் வீட்டிலேயே இருக்கிறது: அடி. 'அந்த வரியை அடிச்சிடு' என்கிறோம். பின்னக் கணக்கில் மேலும் கீழும் உள்ள எண்களை 'அடிக்கிறோம்'. ஆங்கிலத்தில் அதுவும் கேன்சல்தான். டெலீட் வேறு. அதன் லத்தீன் மூலத்துக்குத் துடைத்தழித்தல் என்று பொருள். நம் 'அழி' அதற்கு அச்சாகப் பொருந்தும். அடித்தது தெரியும், அழித்தது தெரியாது.

கேன்சலோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் போஸ்ட்போன். தேர்வு வேறு தேதிக்குப் போனால் அது ஒத்திவைப்பு. தேர்வே கிடையாது என்றால்தான் கேன்சல். 'அடுத்த வாரத்துக்கு கேன்சல் ஆயிடுச்சு' என்பது பிழை. எழுத்திலும் ஒன்று: இறந்தகால வடிவத்துக்கு பிரிட்டிஷ் முறையில் இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று. கேன்சலேஷனுக்கு இரண்டு இடத்திலும் இரண்டுதான்.

சரி, 'ரத்து' தமிழா? இல்லை. அரபியின் 'ரத்' என்ற சொல், திருப்புதல், மறுத்தல் என்ற பொருளோடு உருது வழியாக வந்து, அரசாணையிலும் ரயில் அறிவிப்பிலும் நிலைத்துவிட்டது. அதை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எல்லா இடத்திலும் அதையே போடத் தேவையில்லை. பயணத்தைக் கைவிட்டார், கல்யாணம் நின்றுபோனது, பத்திரம் செல்லாததாக்கப்பட்டது என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றும் அதற்குரிய இடத்தில் எவ்வளவு இயல்பாக உட்காருகிறது!

செல்பேசியில்தான் சிக்கல். 'டிக்கெட்டை ரத்து செய்யவா?' என்று கேட்டுவிட்டு, கீழே 'சரி', 'ரத்துசெய்' என்று இரண்டு பொத்தான் வைத்தால் எதைத் தொடுவது? இரண்டாவதைத் தொட்டால் டிக்கெட் போகுமா, இருக்குமா? அங்கே கேன்சல் என்பதற்கு ரத்து என்ற பொருளே இல்லை. கேட்டதை விட்டுவிடு என்றுதான் பொருள். அந்தப் பொத்தானில் 'வேண்டாம்' என்று எழுதினால் என் அம்மாவுக்கும் புரியும்.