"குழந்தையே சொல்லிட்டான் மேடம், அப்புறம் என்ன?"

பிரிந்த பெற்றோரில் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கஸ்டடி வழக்குக்காக, போன வாரமும் ஒரு கட்சிக்காரர் வக்கீலான என்னிடம் இதே கேள்வியோடு வந்தார். கையில் போன், போனில் வீடியோ. "அம்மா வேணாம், அம்மா என்னைக் கவனிக்காம அடிக்கடி வெளியூர் போயிடுறாங்க" என்கிறான் ஏழு வயதுப் பையன். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவன் கண் கேமராவை விட்டு, போனைப் பிடித்திருப்பவர் முகத்துக்குப் போய் வருகிறது. மனுவில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கிறான். "இதைத் தாக்கல் செய்தால் உங்களுக்குத்தான் பாதகம்" என்று நான் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒன்பது வயதானால் பிள்ளை யாரைக் கைகாட்டுகிறதோ அவரிடம்தான் கஸ்டடி என்று யார் கிளப்பிவிட்டார்களோ! அப்படி ஒரு வயதைச் சட்டம் சொல்லவே இல்லை. சிறுவர்களுக்கான பாதுகாவலர் பற்றிய 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தில் பிரிவு 17(3) இருக்கிறது. விவரம் தெரிந்து விருப்பம் சொல்லும் வயதில் பிள்ளை இருந்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம், அவ்வளவுதான். கட்டாயம் இல்லை. பிள்ளையின் விருப்பம் என்ன என்பது ஒரு கேள்வி, பிள்ளைக்கு எது நல்லது என்பது வேறு கேள்வி என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பிரித்துச் சொன்னது. முதலாவதைப் பிள்ளையிடம் பேசித் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதை எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

அதற்காகப் பிள்ளையின் பேச்சுக்கு மதிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயை இழந்த ஒரு சிறுவனைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்ன உத்தரவை 2008-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவன் விருப்பத்தைக் கேட்காமல் விட்டதும் அதற்கு ஒரு காரணம்.

நீதிபதி பொதுவாகப் பிள்ளையிடம் சேம்பரில், அதாவது தன் தனி அறையில்தான் பேசுவார், நீங்கள் வெளியே நிற்பீர்கள். எடுத்ததுமே "யார் வேணும்?" என்று கேட்க மாட்டார். ஸ்கூல், சிநேகிதர்கள், ராத்திரி யார் பக்கத்தில் தூக்கம் என்று பேச்சு போகும். சொல்லிக்கொடுத்த வரிகள் அங்கே தாங்காது. (ஜூனியர் வக்கீல்களே, நீங்களும் பிள்ளைக்குப் பாடம் எடுக்காதீர்கள்.)

வீடியோ எடுக்காதீர்கள். கோர்ட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் ஒத்திகை பார்க்காதீர்கள். "அப்பாவா அம்மாவான்னு நீதான் முடிவு பண்ணணும்" என்ற பாரத்தை அந்தத் தலையில் ஏற்றாதீர்கள். "முடிவு ஜட்ஜ் அய்யா எடுப்பாங்க, உனக்குத் தோணுறதைச் சொன்னா போதும்" என்று சொல்லி, வயிறார ஊட்டிக் கூட்டி வாருங்கள்.

சூழ்நிலை மாறினால் கஸ்டடி உத்தரவையும் மாற்றக் கேட்கலாம், இன்றே எல்லாம் முடிந்துவிடப் போவதில்லை. இப்போதைக்கு ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சனிக்கிழமை விசிட்டிங் (பிரிந்திருக்கும் அப்பாவையோ அம்மாவையோ பார்க்கும் நேரம்) முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "அங்க என்ன பேசினாங்க?" என்று துருவாதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள், போதும்.